காபி வாசனை வரும் பக்கம்

ஸ்டேஷன் பாலத்துப் படியில் கால் பட்டதுமே அம்மா நின்றுவிட்டாள். நின்றால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடலாம், இங்கேயே, இந்தப் படியிலேயே, பின்னால் வருகிறவன் இடித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று யுவராணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கேட்கவில்லை. ஒரு கையால் கம்பியைத் தடவினாள். புதுக் கம்பி, பெயின்ட் வாசனை போகாத கம்பி. இன்னொரு கை யுவராணியின் தோளில். "ம், ஏறு" என்றாள், அவ்வளவுதான். யுவராணிக்கு அது இன்னும் கஷ்டமாகப் போயிற்று. மணலோடை ஸ்டேஷனுக்குள் போக யாரும் படி ஏறியதே கிடையாது. ரோட்டிலிருந்து நேராக நாலு எட்டு வைத்தால் பிளாட்பாரம், மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் பிளாட்பாரத்துக்கு வரும், அப்படி ஒரு ஸ்டேஷன். அது அம்மாவுக்குத் தெரியும். அம்மா பூங்காவனம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து, யுவராணி வயிற்றில் வருகிற வரைக்கும், இந்த லைனில்தான் ரயில் ரயிலாக ஏறி ஊக்கும் ஹேர்பின்னும் விற்றாள். பிறகு வீட்டோடு உட்கார்ந்து அப்பாவுக்குப் பாக்கெட் போட்டுக் கொடுத்தாள். பதினெட்டு வருஷமாய் இந்தப் பக்கம் வரவில்லை. கண் தெரியாதவளுக்கு இடம் மறந்திருக்கும் என்று கண் தெரிகிறவர்கள் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம். மறந்திருக்காது. அப்புறம் ஏன் கேட்கவில்லை? காலையில் ஷேர் ஆட்டோவில் ஏற்றியபோதும் அப்படித்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டேஷனை வைத்துக்கொண்டு மணலோடைக்கு வர எதற்கு ஆட்டோ என்று கேட்டிருக்க வேண்டும். ரயிலில் கூட்டமா இருக்கும்மா என்று இவளாகவே முந்திக்கொண்டு சொன்னாள். இந்த நேரத்தில் எந்த ரயிலில் கூட்டம். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். இங்கே இப்போது பிளாட்பாரம் வலது பக்கம். பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற வண்டி மணலோடையில் நின்றால் இடது பக்கம் இறங்கக் கூடாது, வலது பக்கம்தான் இறங்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது இதைச் சொல்ல. அம்மா இன்றைக்கு அப்பாவின் பையை மாட்டிக்கொண்டு மறுபடி ரயில் ஏறப் போகிறாள். இன்றைக்கு யுவராணி கூட இருக்கிறாள், திங்கட்கிழமையிலிருந்து துணிக்கடையில் வேலை, கூட இருக்க மாட்டாள். அதனால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் அப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அப்பா தெய்வசிகாமணி, அவருக்கும் கண் தெரியாது, போன மாதம் இதே ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து செத்துப்போனார். கூட்டத்தில் எவனோ தள்ளிவிட்டான் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எத்திராஜ் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அவரு எப்படி விழுவாரு, அவரு எப்படி விழுவாரு என்று அம்மா சுவரில் உள்ளங்கையை அடித்துக்கொண்டே இருந்தாள், நர்ஸ் வந்து சத்தம் போட்டாள், அதை நிறுத்த ஏதோ ஒரு பதில் வேண்டியிருந்தது, சித்தப்பா கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார். அம்மா அடிப்பதை நிறுத்தினாள். எவன் என்று கேட்டாள். தெரியலை அண்ணி, ஓடிட்டான் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவன்தான் இன்னும் போகவில்லை. காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது அம்மா அவனைக் கூப்பிடுவாள். அந்தக் கை விளங்காமப் போக. அந்தக் கையால அவன் சோறு திங்கக் கூடாது. அந்தக் கை பெத்த பிள்ளையைத் தூக்கக் கூடாது. பிறகு குக்கர் விசில் வரும், அவன் கொஞ்ச நேரம் வெளியே போவான், மத்தியானம் ஊக்கு பாக்கெட் கட்டும்போது திரும்ப வருவான். யுவராணிக்கு அவனுடைய சட்டைகூடத் தெரியும். கட்டம் போட்ட சட்டை, முதுகில் லேப்டாப் பை, காதில் ஒயர். அப்படி ஒருத்தன் கிடையாது என்று தெரிந்துகொண்டே, பஸ்ஸில் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அப்படி ஒருத்தனை முறைத்து, அவன் என்னம்மா என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டாள். பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்னவோ. ஆனால் அம்மா பிழைத்துக் கிடப்பது அவனால்தான். அவனைத் திட்டுவதற்காகத்தான் எழுந்திருக்கிறாள், திட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். அவனையும் பிடுங்கிக்கொண்டால் காலையில் எழுந்து என்ன செய்வாள்?

நிஜத்தைச் சொன்னது ஹனீபா பாய். ஸ்டேஷன் ரோட்டில் சுவரை ஒட்டிக் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடை அவருடையது. விழுந்த இடத்திலிருந்து அப்பாவின் பையை எடுத்து வைத்திருந்தார். அதை வாங்க யுவராணி தனியாகப் போனாள். பை பட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது, அவர் அதைக் கழுவலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே ஒரு பேப்பரைச் சுற்றி வைத்திருந்தார். உட்காரும்மா என்றார். உட்காரவில்லை. யாரு தள்ளினதுன்னு பாத்தீங்களா பாய் என்று கேட்டாள். அவர் மெஷினை நிறுத்தினார். யாரும் தள்ளல பாப்பா என்றார். பெட்டியில் ஆளே குறைவு. உங்கப்பா வழக்கமா வர மாதிரி வாசல்ல வந்து நின்னாரு, வண்டி நிக்கப் போற நேரம், மேடை இருக்கிற மாதிரியே காலை வச்சாரும்மா. அதைச் சொல்லும்போது பாய் தன் காலையே கொஞ்சம் முன்னால் எடுத்து வைத்துக் காட்டினார். சும்மா, சாதாரணமாய். வீட்டு வாசலில் இறங்குகிற மாதிரி. அந்தக் கால் யுவராணிக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் பாயுடைய செருப்புக் கால் வந்து காற்றில் நிற்கிறது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து வீட்டில் படுத்திருந்த மாதங்களில் பழைய மேடையை இடித்துவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதுசாய் உசரமாய் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். வண்டி அதே தண்டவாளத்தில்தான் வருகிறது. இறங்குகிற பக்கம்தான் மாறிப்போயிற்று. அப்பா உடம்பு தேறி வேலைக்குப் போன முதல் நாள் அது. காபி வறுக்கிற வாசனை வந்தால் மணலோடை, வாசனை வருகிற பக்கம் இறங்கு. அதுதான் அவருக்குக் கணக்கு. பாய் அன்றைக்கும் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பாயால் பேச முடியவில்லை, மெஷினை மறுபடி போட்டுவிட்டார்.

பாலத்தின் மறுபக்கம் இறங்கிப் பிளாட்பாரத்துக்கு வந்ததும் அம்மா மறுபடி நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையைத் தேய்த்தாள். "என்னடி இது, புள்ளி புள்ளியா?" மஞ்சள் டைல்ஸும்மா, உங்களை மாதிரி இருக்கிறவங்க கால்ல தெரிஞ்சு நடக்கறதுக்குப் போட்டிருக்காங்க என்றாள் யுவராணி. சொல்லும்போதே எரிச்சல் வந்தது. பிளாட்பாரம் பூராவும் ஓடுகிறது அந்த மஞ்சள் கோடு, ஒரு புள்ளிகூடத் தேயாமல். அம்மா அதன் மேல் போய் வந்து பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். வேற என்னென்ன இருக்கு, எல்லாத்தையும் சொல்லு, நாளைப்பின்ன நான் தனியா வரணும் என்றாள். வந்துவிட்டது. இதுதான் சமயம். யுவராணி வாயைத் திறந்தாள். கண்ணெதிரே பெரிய போர்டு ஒன்று நின்றது, வாய் அதைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. கோழைதான் இவள். பக்கத்துச் சூளைகளின் செங்கல்லை ஏற்றுவதற்காக உண்டானதாம் இந்த ஸ்டேஷன். அப்புறம் கொடி காட்டினால் மட்டும் வண்டி நிற்குமாம். கரி வண்டி, கரண்டு வண்டி, சின்னப் பாதை, அகலப் பாதை, எல்லாம் வருஷம் போட்டு எழுதியிருந்தது. கீழே வசதிகள். குடிதண்ணீர், மின்விசிறி, கழிப்பறை, லிப்ட், டிக்கெட் எடுக்கிற மெஷின். கழிப்பறை பூட்டியிருக்கும்மா, லிப்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கு, போர்டுல மட்டும்தான் எல்லாம் நல்லா இருக்கு என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவர் வீட்டில் முதல் சிரிப்பு. அதைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறுபடி உள்ளே போய்விட்டது.

"தூங்குமூஞ்சி மரம் இருக்கா?" என்று அம்மா கேட்டாள். வெட்டிட்டாங்க என்றாள். அதுங்கீழ ஒரு பெஞ்சு இருக்குமே? இல்லம்மா. அம்மா தலையை ஆட்டினாள். அந்தப் பெஞ்சில்தான் இந்த லைனில் விற்கிற பார்வையில்லாதவர்கள் எல்லோரும் மத்தியானம் கூடுவார்கள், குழாயில் முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் இருக்கிற பெட்டியில் இன்னொருத்தர் ஏற மாட்டார்கள். அப்பாவுக்குக் கடைசி மூன்று பெட்டி. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ள ஆரம்பித்ததே ஒரு பெட்டித் தகராறில்தான், என் பெட்டியில் யாரோ ஊக்கு விக்கிறாங்க என்று அப்பா பெஞ்சில் வந்து கத்தினாராம், நான்தான், என்ன இப்போ என்று அம்மா எழுந்து நின்றாளாம். அப்பா செத்த நாளிலிருந்து அந்தக் கடைசி மூன்று பெட்டியில் ஒருத்தரும் ஏறுவதில்லை. வீட்டிலிருந்து யாராவது வந்து பையை மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதுவரை காலியாக ஓடும். அதுதான் அவர்களுக்குள் வழக்கம். சீப்பு விற்கிற சிங்காரம் மாமா போனில் சொன்னார், உங்கம்மா வந்து சொல்ற வரைக்கும் அண்ணன் பெட்டி அண்ணனுக்குத்தான் என்று. இவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷருக்கு, அண்ணே மேடை மாறிப்போச்சு என்று ஒரு போன் போடத் தெரியவில்லை. யுவராணி அதைக் கேட்டேவிட்டாள். மாமா அழுதார். மத்தவங்க யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் பாப்பா என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம், அதனால்தான் ஒருத்தரும் சொல்லவில்லை. யுவராணிக்கே தெரியாது. பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்ட பிறகு அவள் ரயில் ஏறவேயில்லை. கஷ்டப்பட்ட குடும்பம், பாவம் என்று டீச்சர்கள் சொல்லிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். படிக்கும்போது பெண்கள் பெட்டியில் ஏறுவாள், இரண்டு பெட்டி தள்ளி அப்பா குரல் வரும், ஊக்கு, ஹேர்பின்னு, கார்டு கவரு, ஊக்கே என்று கடைசி ஊக்கை மட்டும் ஒரு இழுப்பு இழுப்பார். உங்கப்பா எஃப்.எம். வந்துருச்சுடி என்று ஒருத்தி சொன்னாள். யுவராணி அவளைக் கிள்ளினாள். அந்தக் குரல் இப்போது எங்கே போயிருக்கும்? பெட்டி காலியாக ஓடுகிறதே, அதற்குள் சுற்றிக்கொண்டிருக்குமா? என்ன நினைப்பு இது. சொல்லு. முதலில் சொல்லு.

சொல்வதற்கு இன்னொரு வழி இருந்தது, அதை ராத்திரியே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அப்பா போனதுக்கு அப்புறம்தாம்மா மேடையை மாத்தினாங்க. இவ்வளவுதான். அம்மாவுக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும், தள்ளியவனும் வீட்டிலேயே இருந்துகொள்வான். ஒரு ஓட்டை இல்லாத பொய். எத்திராஜ் சித்தப்பா பொய்யைவிட நல்ல பொய். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அப்பா கூட்டத்தில் இடிபட்டு, பயந்து, கம்பியைத் தேடிக் கையை அலைத்துக்கொண்டு விழுகிறார். அவர் அப்படி விழவில்லை. பயப்படவேயில்லை. தெரிந்த இடத்தில் தெரிந்த மாதிரி காலை வைத்தார். அந்தக் கடைசிக் காலடியையும் அவரிடமிருந்து பிடுங்கி எவனோ ஒருத்தன் கையில் கொடுப்பதா? சரி, நிஜத்தைச் சொன்னால் மட்டும்? ஒரு முட்டாள்தனம் செய்து செத்தார் என்றாகிவிடும். லைனில் எல்லா ஸ்டேஷனும் அவருக்கு உள்ளங்கை என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறாள். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். ஸ்பீக்கரில் அடுத்த வண்டி வருவதாகப் பெண்குரல் சொல்லிற்று. எந்த வண்டி, எத்தனை பெட்டி, எந்த பிளாட்பாரம், எல்லாம் சொல்லிற்று. அந்தக் குரலும் சொல்லவில்லை எந்தப் பக்கம் என்று. வண்டிக்குள் இருக்கிறவருக்கு அது கேட்கவும் கேட்காது.

அப்போதுதான் காற்று திரும்பியது. ஹனீபா பாய் கடையில் வறுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். கருகலும் இனிப்புமாய், தொண்டையில் போய் உட்கார்கிற வாசனை. அம்மா முகத்தைத் தூக்கினாள். யுவராணி அந்த முகத்தையே பார்த்தாள், அதில் முதலில் சந்தோஷம்தான் வந்தது, பழைய ஆளைப் பார்த்த மாதிரி. பிறகு மூக்கு மெதுவாகத் தண்டவாளத்தின் பக்கம் போயிற்று. போய் அங்கேயே நின்றது. அம்மா பின்னால் திரும்பினாள், முகர்ந்தாள், அங்கே ஒன்றுமில்லை. மறுபடி முன்னால். தன் தோளில் இருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக இறுகுவது யுவராணிக்குத் தெரிந்தது.

"பாய் கடை நம்ம முதுகுப் பக்கம்ல இருக்கணும்" என்றாள் அம்மா. "பெஞ்சுல உக்காந்தா முதுகுக்குப் பின்னாடியிருந்து வரும். இது எதிர்ல வருது. தண்டவாளத்துக்கு அந்தாண்ட இருந்து."

அம்மாவே மறுபடி கேட்டாள்.

"எப்ப மாத்தினாங்க?"

பொய் நாக்கில் தயாராக இருந்தது. அப்பா போனதுக்கு அப்புறம். மூன்றே வார்த்தை. தூரத்தில் வண்டியின் முகம் தெரிந்தது, தண்டவாளம் லேசாகக் கிணுகிணுத்தது, அதை அம்மா இவளுக்கு முன்னாலேயே கேட்டிருப்பாள். யுவராணிக்குப் பாயின் கால் ஞாபகம் வந்தது. "அப்பா காமாலையில படுத்திருந்தப்பவே மாத்திட்டாங்கம்மா. இப்போ வலது பக்கம் இறங்கணும். அப்பா இடது பக்கம் இறங்கினாரு. பாய் பாத்தாராம், மேடை இருக்கிற மாதிரியே காலை வச்சாராம். பயப்படல." எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

வண்டி பிளாட்பாரத்தின் முனைக்கு வந்துவிட்டது. அம்மா அடித்துக்கொள்வாள் என்று யுவராணி அவள் கையைப் பிடிக்கத் தயாராக இருந்தாள். அம்மா செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள்.

"அப்போ யாரும் தள்ளல" என்றாள்.

"இல்லம்மா."

"பெட்டியில ஆளு இருந்தாங்களா?"

"கொஞ்சம் பேர் இருந்தாங்களாம்."

"தள்ளவும் இல்ல. சொல்லவும் இல்ல" என்றாள் அம்மா. திட்டுகிற குரலில் சொல்லவில்லை. போர்டில் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி சொன்னாள். வண்டி வந்து நின்றது.

கடைசிப் பெட்டியில் ஏறினார்கள். சிங்காரம் மாமா சொன்னது சரிதான், விற்கிறவர்கள் ஒருத்தரும் இல்லை. ஜன்னலோரம் சிலர், போனில் முகம் வைத்துக்கொண்டு. கட்டம் போட்ட சட்டை ஒருத்தன்கூட இருந்தான், தூங்கிக்கொண்டிருந்தான், பார்க்க நோஞ்சான். யுவராணி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அம்மா நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பையை முன்னால் இழுத்துவிட்டாள். பட்டையைக் கழுவியாகிவிட்டது, ஆனாலும் ஒரு இடத்தில் நிறம் போகவில்லை, அந்த இடம் அவள் விரலுக்குக் கீழேதான் இருந்தது. தெரிந்திருக்குமோ. வண்டி கிளம்பியது. காபி வாசனை இடது வாசல் வழியாக வந்து, கொஞ்ச தூரம் கூடவே வந்து, விட்டுப்போயிற்று. அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு மட்டும் எழும்பி அடங்கியது. பதினெட்டு வருஷமாய்க் கூவாத தொண்டை, அதில் இப்போது என்னென்ன அடைத்திருக்கிறதோ. எழுந்து போய்ப் பிடித்து உட்காரவைத்துவிடலாமா, வாம்மா வீட்டுக்குப் போகலாம், பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம், நான் சம்பாதிக்கிறேன், துணிக்கடையில் நிற்கிறேன், கால் வீங்கினாலும் நிற்கிறேன். அடுத்த ஸ்டேஷனின் மஞ்சள் பலகை எட்டத்தில் தெரிந்தது. அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், முகத்தை இரண்டு வாசலுக்கும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டு. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யுவராணிக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அது வாய்க்கு வந்தபோது குரலாக இருந்தது, அவளுக்கே அந்நியமாய், பெட்டியின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

"அடுத்தது செம்மேடு. இடது பக்கம் இறங்கணும். இடது பக்கம்."

போனிலிருந்து முகங்கள் எழுந்தன. தூங்கியவன் விழித்துக்கொண்டு, தெரியும்மா, அதுக்கென்ன என்கிற மாதிரி பார்த்தான். யுவராணி அவனையே பார்த்தாள், அவன்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கம்பியடியில் அம்மா தலையை ஒருதரம் ஆட்டினாள். பைக்குள் கையை விட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில், கடைசி ஊக்கை மட்டும் இழுக்காமல், கூவ ஆரம்பித்தாள்.